கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

(பட்டாசு, தீப்பெட்டித் தொழில் நடக்கும் கிராமங்களிலிருந்து மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து நிலம், கல்வி, இடஒதுக்கீடு என்று பெரிய விசயங்களைப் பேசினோம். இப்ப என்னைத் தீ பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. வேலை செய்யிற இடத்துல தீப்பிடிக்காம இருக்க என்ன செய்யணும், பிடிச்சா என்ன செய்யணும். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு தோழர், 'இது தீயணைப்புத் துறை ஆளுங்க பேச வேண்டியது இல்லையா?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் பல வருசம் அப்படித்தான் நினைத்தேன். ஏன் நினைப்பை மாத்திக்கிட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் கரிசக்காடு. வானம் பார்த்த பூமி. அந்தப் பூமியிலும் எங்க தெருவுக்கு ஒரு சென்ட் கிடையாது. அதனால எங்க அக்கா பதினாலு வயசுலயே பயர் ஆபீசுக்குப் போச்சு. வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்கிறேன்: எங்க பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையைப் 'பயர் ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அக்கா ஆபீஸ் போச்சு, நான் பள்ளிக்கூடம் போனேன். அது போனதால்தான் நான் போக முடிந்தது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அந்த ஆபீசில் தீப்பிடித்தது. அக்கா வேலை செய்த அறையில் அன்னைக்கு ஏழு பேர். அறைக்கு ரெண்டு கதவு. பின்கதவுக்கு முன்னால் முடிஞ்ச சரக்கைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். முன்கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. வீட்டில் அப்படித்தானே கதவு வைப்போம்? ஆனால் ஏழு பேர் ஒரே நேரத்தில் உயிருக்குப் பயந்து ஓடிப்போய்க் கதவில் மோதினால், உள்பக்கம் திறக்கிற கதவு திறக்காது. பின்னால் நிற்கிறவர் தள்ளத் தள்ள, முன்னால் நிற்கிறவர் கதவை மூடிக்கொண்டே இருப்பார்.

அக்காவை வெளியே கொண்டுவந்தபோது யாரோ இட்லி மாவை அள்ளி உடம்பெல்லாம் பூசியிருந்தார்கள். அன்பால் செய்ததுதான். ஆஸ்பத்திரியில் அந்த மாவை எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. மூணு நாள் உயிரோடு இருந்துச்சு. நல்லா நினைவோடு இருந்துச்சு. என்கிட்ட சொல்லுச்சு: 'தம்பி, கதவு தெறக்கலடா.' அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பேனாவும் நோட்டும் வைத்திருந்த நானும் எழுதி வைக்கவில்லை.

பத்தாம் நாள் ஆபீஸ் கணக்கப்பிள்ளை ஒரு தாளோடு வந்தார். என்னை விடப் பத்து வயசு மூத்தவர் இருப்பார். எங்க அம்மாவை 'நீ, வா' என்றுதான் பேசினார். அம்மா அவரை 'அய்யா' என்றது. 'படிக்கிற பையன் இருக்கானே, அவனே வாசிச்சுக் காட்டட்டும்' என்று தாளை என் கையில் கொடுத்தார். நான் வாசித்தேன். மேற்படி தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது, நிர்வாகத்தின் மேல் குறை எதுவும் இல்லை, கருணைத் தொகை பெற்றுக்கொண்டோம், இனி எந்தப் பாத்தியதையும் கோரமாட்டோம் என்று இருந்தது. ஒரு இடத்திலும் திக்காமல் வாசித்தேன். 'நல்லா வாசிக்கிறானே' என்றார் கணக்கப்பிள்ளை. தோழர்களே, அந்த நிமிசம் எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா கைநாட்டு வைத்தது.

அந்தப் பெருமையைத்தான் இத்தனை வருசமாகச் சுமக்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் பாதிப்பேர் உங்கள் வீட்டில் முதல் முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். நாளைக்கு அந்தத் தாள் உங்கள் கைக்குத்தான் வரும். அதனால்தான் இது நம் இயக்கம் பேச வேண்டிய விசயம் என்கிறேன்.

இப்ப அந்த 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தீக்குப் பிறகும் இதைத்தான் சொல்கிறார்கள். தீ எப்படி வருகிறது என்று பார்த்தால் இந்த வார்த்தையின் வண்டவாளம் தெரியும்.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். இவை தனித்தனியாக இருக்கும்வரை ஓரளவு அடங்கி இருக்கும். கலந்துவிட்டால் அது 'மருந்து'. மருந்து பற்றிக்கொள்ள நெருப்புக்குச்சி வேண்டியதில்லை. உரசல் போதும். அதனால்தான் மருந்து இருக்கிற இடத்தில் இரும்புக் கரண்டி, இரும்புச் சல்லடை கூடாது என்கிறார்கள். நைலான், பாலியஸ்டர் துணி உரசினால் நம் உடம்பில் மின்சாரம் ஏறும். நமக்குத் தெரியாத அந்தச் சின்னப் பொறி மருந்துக்குப் போதும். அதனால்தான் பருத்தித் துணி உடுத்தணும், அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகணும் என்பது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே உள்ளுக்குள் சூடாகும். அதனால் மிச்ச மருந்தை ராத்திரி அறையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கணும். கந்தகத்தோடு குளோரேட் உப்பைச் சேர்ப்பது ரொம்பப் பொல்லாதது. அந்தக் கலவையை இந்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். மரத்தடியிலும் நடைபாதையிலும் வைத்து மருந்து வேலை பார்க்கக் கூடாது. பயிற்சி பெற்ற போர்மேன் கூடவே இருக்கணும். இதெல்லாம் வெடிபொருள் விதிகளிலும் உரிமத்திலும் இருக்கிற சங்கதிகள். யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இப்ப ஒவ்வொரு விதியாக எடுத்து, இதை மீறினால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். நாலு பேர் அறையில் ஏழு பேர் உட்கார்ந்தால் அறை கட்டுகிற செலவு யாருக்கு மிச்சம்? மிச்ச மருந்தை அழிக்காமல் வைத்தால் யாருக்கு மிச்சம்? பருத்திச் சேலை எடுத்துக் கொடுக்காவிட்டால் யாருக்கு மிச்சம்? கூலியைப் பாருங்கள். நாள் கூலி இல்லை, இத்தனை குரோசுக்கு இவ்வளவு என்ற கணக்கு. தீபாவளி நெருங்க நெருங்க வேகம், வேகம். அட்வான்ஸ் வாங்கியவன் வேகமாகச் செய்தே ஆகணும். அவசரப்படுத்துகிற கூலிமுறையை வைத்துவிட்டு, அவசரப்பட்டவளைக் கவனக்குறைவு என்கிறார்கள். வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற சட்ட மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அப்போது வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர். குரோஸ் கணக்குக் கூலி அந்த 48 மணி நேரத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது.

சிவகாசி வட்டாரத்தில் நடந்த மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

1991இல் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் நடந்த வெடிவிபத்து. 39 பேர் இறந்ததாகத் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த தீர்ப்புக்கு இதுவும் ஒரு காரணம். பெரிய தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு வந்தபிறகும் அறைகளில் தலை எண்ணிக்கை குறைந்ததா?

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5. முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, செத்தவர்களில் நிறையப்பேர் அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதலில் தீ. அதைப் பார்த்து ஆளுகளைக் காப்பாற்ற, என்ன ஏதென்று பார்க்க, பக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய வெடிப்பு. காப்பாற்ற ஓடிய கால்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்துக் கிட்டங்கி இருக்கிற இடத்தில் முதல் வெடி கடைசி வெடி அல்ல என்று அந்தச் சனங்களுக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கிறோமா? நம் இயக்கம் சொல்லியிருக்கிறதா?

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12. அச்சங்குளம். 20 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே வெளியே வந்த சங்கதி உள்குத்தகை. உரிமம் ஒருத்தர் பேரில். அவர் இன்னொருத்தருக்குக் குத்தகை விட, அவர் அறை அறையாகப் பிரித்து வேறு ஆட்களுக்கு விட்டார். விதிப்படி இது குற்றம். ஒவ்வொரு குத்தகைதாரரும் கொடுத்த பணத்தை எடுக்கணுமே, அதனால் ஒவ்வொரு அறையிலும் ஆள் கூடும், மருந்து கூடும். தீப்பிடித்த அன்றைக்கு 'யார் முதலாளி?' என்றால் ஆளே இருக்காது.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள வியாதியா? இல்லை. 1911ஆம் ஆண்டு மார்ச் 25, நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் ஆலை. 146 பேர். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளின் வீட்டு இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, வேலை முடிந்து போகும்போது பையைச் சோதிக்க ஒரே வழியை விட்டு மற்றதைப் பூட்டுவது வழக்கம். பலர் சன்னல் வழியாகக் குதித்துச் செத்தார்கள். எண்பது வருசம் கழித்து, 1991 செப்டம்பரில், அதே அமெரிக்காவில் வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற சிறிய ஊர். கோழிக்கறி பக்குவப்படுத்தும் ஆலை. 25 பேர். கறுப்பின உழைப்பாளிகள் நிறைந்த ஆலை, செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கேயும் கதவு பூட்டு. காரணம், கோழி திருடுவார்களாம். பதினோரு வருசம் நடந்த ஆலைக்குள் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர்கூட வந்ததில்லை. 2012 நவம்பரில் டாக்கா பக்கத்தில் தஸ்ரீன் ஆலை. 112 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அபாயமணி அடித்தபிறகும் 'ஒண்ணுமில்லை, உட்கார்ந்து தையுங்கள்' என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

ஏன் பூட்டினார்கள்? உழைக்கிறவன் திருடன் என்ற நினைப்பு. நமக்கு இந்த நினைப்பு ரொம்பப் பழக்கமானது. கடைக்காரர் நம்ம கையில் தொடாமல் சாமானைப் போடுவதிலும், களத்துமேட்டில் நம்ம மடியை அவிழ்த்துப் பார்த்ததிலும் இருந்த அதே கண்தான் ஆலைக் கதவில் பூட்டாகத் தொங்குகிறது. அங்கே அது இனம், குடியேறி, பெண். இங்கே அதோடு சாதி. பயர் ஆபீசில் எல்லாச் சாதி ஏழைகளும்தான் வேலை செய்கிறார்கள், சாகிறார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'கதவை மாத்துங்க' என்று கேட்டால் அடுத்த நாள் வேலை போகும், போனால் ஊரில் வேறு வேலையும் கிடைக்காது, கால் வைக்கச் சொந்த நிலமும் இல்லை என்ற நிலை யாருக்கு அதிகம்? அவர்கள் வாய்தான் முதலில் மூடும்.

ஆகவே என் கருத்து இதுதான். தீத்தடுப்பு என்பது மணல் வாளியும் சிவப்புச் சிலிண்டரும் மட்டும் இல்லை. 'இந்த அறையில் வேலை செய்ய மாட்டேன், சரி செய்துவிட்டுக் கூப்பிடு' என்று சொல்லும் அதிகாரம் உழைக்கிறவர் கையில் இருக்கணும். பங்களாதேசத்தில் 2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கு மேல் செத்தபிறகு, தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்த உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். நம் நாட்டில் போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான தொழிலில் உடனடி அபாயம் தெரிந்தால் நிர்வாகத்திடம் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? 1948இல் அந்தச் சட்டத்தை எழுதியபோதே, ஆள் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டக்கூடாது, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும் என்று எழுதிவிட்டார்கள். எங்க அக்கா பிறப்பதற்கு முன்னாலேயே.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஊருக்குப் போய் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வேலைக்கு உட்காருமுன். கதவு எத்தனை, எந்தப் பக்கம் திறக்கிறது, முன்னால் பெட்டி இருக்கிறதா, பாருங்கள். தலையை எண்ணுங்கள். பின்வழி எங்கே போகிறது என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். புகையில் கண் தெரியாது, நடந்து பழகிய காலுக்குத்தான் வழி தெரியும்.

ரெண்டாவது, தீப்பிடித்தால். பட்டாசு மருந்து எரிய வெளிக்காற்று வேண்டியதில்லை. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு வெடியுப்பிலேயே இருக்கிறது. அதனால் மணலைப் போட்டு மூடி அணைக்கலாம் என்று நிற்காதீர்கள். எரிகிற அலுமினியப் பவுடரில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். மருந்தில் தீ என்றால் ஒரே வேலை, கத்திக்கொண்டு ஓடுவது. தூக்குச்சட்டி, செருப்பு, செய்த சரக்கு எதற்கும் திரும்பாதீர்கள். காய்ந்த புல், காகிதம், துணியில் பிடித்த சின்னத் தீக்குத்தான் மணலும் தண்ணீரும். மின்கம்பியில் தீ என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்தணும், தண்ணீர் கூடாது. மூடிய கட்டடத்தில் புகை என்றால் குனிந்து, தரையோடு தரையாகத் தவழ்ந்து வாருங்கள். தீயை விடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. வெளியே வந்ததும் ஒரு இடத்தில் கூடி ஆளை எண்ணுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தூரத்தில் தடுத்து நிறுத்துவது ஊர் இளைஞர்கள் வேலை. முதலிப்பட்டியை மறக்காதீர்கள்.

மூணாவது, உடம்பில் பிடித்தால். ஓடாதே, நில், கீழே விழு, உருளு. கம்பளியோ சாக்கோ போட்டுப் போர்த்தலாம். நைலான் துணி வேண்டாம். தீ அணைந்தபின் வெந்த இடத்தில் சாதாரணத் தண்ணீர் இருபது நிமிசம் ஊற்றிக்கொண்டே இருக்கணும். ஐஸ் கூடாது. மாவு, மை, பற்பசை, எண்ணெய் எதுவும் கூடாது. வளையல், மோதிரம், கொலுசை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு. இதை ஒவ்வொரு தெருவிலும் பத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், இந்த முகாம் வீண் போகாது.

நாலாவது, தீ அணைந்தபின். இது மாணவர்களுக்கு. உயிரோடு இருக்கிறவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். கதவை, பெட்டியைப் படம் எடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக மறைத்துவிடுவார்கள். அன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் எடுங்கள். பதிவேட்டில் அவர்கள் பேர் இருக்காது. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். உரிமம் யார் பேரில் என்று கேளுங்கள்.

அப்புறம் அந்தத் தாள். 1923ஆம் ஆண்டிலேயே வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? வேலையில் சாவு நேர்ந்தால், முதலாளி தப்பு செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. இழப்பீட்டுப் பணத்தை அதற்கான ஆணையரிடம் கட்டணும். வீட்டுக்கு வந்து கையில் திணிப்பது இழப்பீடு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் தாள் செல்லாது. செல்லவே செல்லாது. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் இந்த அடிப்படைகள் தொடர்கின்றன. ஈ.எஸ்.ஐ. இருக்கிற இடத்தில் அதன் வழியாகக் கேட்கணும். மனு போடக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

நான் திக்காமல் வாசித்த அந்தத் தாள் வெறும் தாள். அது எனக்குத் தெரிய வந்தபோது அம்மா உயிரோடு இல்லை.

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு சுயவிமர்சனம். தீ நடந்தால் நாம் போகிறோம். மாலை போடுகிறோம், மறியல் செய்கிறோம், நிவாரணத்தை உயர்த்தச் சொல்கிறோம். இத்தனை லட்சம் என்று அறிவித்ததும் திரும்பி வந்துவிடுகிறோம். பிணத்துக்குப் பின்னால் போகிற இயக்கமாகவே இருந்துவிட்டோம். பிணம் விழுவதற்கு முந்தின நாள் அந்தக் கதவைப் பார்க்க நாம் போனதில்லை. 'எங்க ஆபீஸ் கதவு உள்பக்கம் திறக்குதுண்ணே' என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், அதையும் சாதிக் கொடுமைப் புகாரைப் போலவே பதிவு செய்து, எழுதி, ஆள் சேர்த்துப் போய்க் கேட்க வேண்டும். ஒருத்தி கேட்டால் வேலை போகும். அறை முழுக்கக் கேட்டால், தெரு முழுக்கக் கேட்டால், தீபாவளிக்கு முந்தின மாசம் கேட்டால், கதவைத் திருப்பி மாட்டித்தான் ஆகணும். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை அது.

இன்னைக்கு ஊருக்குப் போனதும் ஆபீஸ் போகிற உங்க அக்காகிட்ட, அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்க அறையில கதவு எந்தப் பக்கம் திறக்குது? அவங்க சொல்றத நோட்டுல எழுதுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோட வாங்க.